நீலத் தொட்டிக்குள் போகும் எங்கள் வரலாறு

"எங்கள் வரலாறு பதியப்பட வேண்டும்!"

இந்த வசனத்தை நான் ஜேர்மனிக்கு வந்த காலத்திலிருந்து கேட்டுக் கொண்டே இருக்கிறேன். பொங்கல் விழாவில் கேட்டேன். ஆண்டு விழாவில் கேட்டேன். புத்தக வெளியீட்டில் கேட்டேன். செத்த வீட்டில் கூட ஒருவர் இரங்கல் உரையில் சொல்லக் கேட்டேன். சொல்பவருக்குக் கைதட்டு விழும். பிறகு எல்லோரும் கொத்துரொட்டி சாப்பிட்டு விட்டு வீட்டுக்குப் போய் விடுவோம்.

எங்கே பதிய வேண்டும், யார் பதிய வேண்டும், பதிந்ததை எங்கே வைக்க வேண்டும்? இதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் வேலை செய்ய வேண்டி வரும், அதுதான் காரணம்.

நான் சொல்கிறேன். கோபிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கோபிக்கலாம்.

வரலாறு பதியப்படுகிற இடம் இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கட்டத் தேவையில்லை. அதற்குக் காசு சேர்க்கத் தேவையில்லை, தலைவர் செயலாளர் தெரிவில் அடிபடவும் தேவையில்லை. அது பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. நகர நூலகம். அதற்குள்ளே ஒரு மூலையில் 'ஹைமாட்குண்ட' என்று எழுதிய அலுமாரிகள் நிற்கும். ஊர் வரலாறு, ஊர் அறிவு என்று சொல்லலாம். பக்கத்திலேயோ வேறு கட்டடத்திலேயோ நகர ஆவணக் காப்பகம் இருக்கும். எங்களில் எத்தனை பேர் அந்த மூலைக்குப் போயிருக்கிறோம்? பிள்ளைகளை ஹரி பொட்டர் புத்தகம் எடுக்கக் கூட்டிக் கொண்டு போவோம். டொச் படிக்கிற சீடி எடுக்கப் போனோம். அந்த மூலைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஜேர்மன்காரக் கிழவர்களின் இடம் என்று நினைத்து விட்டோம்.

அந்தக் கிழவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் தங்கையின் மகள் ஜிம்னாசியத்தில் படிக்கிறாள். அங்கே மேல் வகுப்பில் பிள்ளைகள் 'பாஹ்ஆர்பைற்' என்று ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் இவளிடம் நல்ல தலைப்பு ஒன்று சொல்லியிருக்கிறார்: 'எங்கள் நகரத்துக்கு வந்த தமிழர்கள், 1980கள்'. பிள்ளைக்குப் புளுகம். மாமா, அம்மம்மா எல்லாரும் இருக்கினம்தானே, சுகமாக எழுதலாம் என்று நினைத்தாள். ஆனால் ஆசிரியர் வீட்டு ஆட்களின் கதை மட்டும் போதாது, எழுத்துச் சான்று வேணும், நகர நூலகத்தின் ஊர் வரலாற்றுப் பகுதிக்குப் போ என்று அனுப்பியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

அங்கே என்ன இருந்தது தெரியுமா?

தன்னார்வத் தீயணைப்புப் படையின் 100 ஆண்டு மலர். துப்பாக்கி சுடும் சங்கத்தின் மலர்கள், பத்து வருடத்துக்கு ஒன்றாக. பாட்டுக் கோஷ்டியின் மலர். முயல் வளர்ப்போர் சங்கத்தின் மலர்! நான் பகிடிக்குச் சொல்லவில்லை. முயல் வளர்க்கிறவர்கள் ஐம்பது வருடத்தில் எந்த முயலுக்கு என்ன பரிசு கிடைத்தது என்று அச்சடித்து, ஒரு பிரதியை நூலகத்தில் கொடுத்து, அது அட்டை போட்டு, இலக்கம் ஒட்டி அலுமாரியில் நிற்கிறது. மாவட்ட ஆண்டிதழ்கள் வருட வரிசையில். பழைய முகவரிப் புத்தகங்கள். தேவாலயச் சுற்றறிக்கைகள். யுத்தத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜேர்மன் அகதிகள் தங்கள் பழைய ஊரைப் பற்றி எழுதிய புத்தகங்கள் ஒரு முழுத் தட்டு. அந்தத் தட்டைப் பார்த்துக் கொண்டு கனநேரம் நின்றேன். அவர்களும் அகதிகள்தான். வந்த இடத்தில் வீடு கட்டுவதற்கு முதலே தங்கள் ஊரின் தெருக்களை வரைந்து, வீட்டுக்கு வீடு பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தமிழர் பற்றி? ஒரு கோப்பு. பத்திரிகைத் துண்டுகள். அவ்வளவுதான்.

அந்தத் துண்டுகளில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்றால்... ஒன்றில் 'தமிழர் வருகை' ஒரு பிரச்சினை. ஒன்றில் பழைய பாடசாலைக் கட்டடத்தில் எங்களைத் தங்க வைக்க அயலவர் எதிர்ப்பு. ஒன்றில் தேவாலயப் பெண்கள் எங்களுக்குக் குளிர் ஜக்கெற் சேர்க்கிறார்கள். ஒன்றில் நாங்கள் 'அமைதியானவர்கள், சிரித்த முகத்தினர்'. பெயர் உள்ள தமிழர் ஒருவர் கூட இல்லை. வாய் திறந்து பேசுகிற தமிழர் ஒருவர் கூட இல்லை. படத்தில் மூன்று பெடியள் கட்டிலில் இருக்கிறார்கள். கீழே 'தமிழ் அகதிகள் தங்கள் அறையில்' என்று இருக்கிறது. அதில் ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது உயிரோடு இல்லை. பிள்ளை கேட்டாள், "மாமா, நீங்கள் ஒண்டும் எழுதேல்லையா?"

எழுதினோமே! எவ்வளவு எழுதினோம்! அதுதான் எனக்கு வயிறு எரிகிற இடம்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இந்த ஜேர்மனியில் வந்த தமிழ்ச் சஞ்சிகைகளை எண்ணிப் பாருங்கள். 'தூண்டில்' வந்தது. பிறேமனிலிருந்து 'பூவரசு' வந்தது. 'மண்' வந்தது, 'வெற்றிமணி' வந்தது. இன்னும் கையெழுத்தில் எழுதிப் போட்டோக் கொப்பி அடித்து, ஸ்ரேப்பிளர் குத்தி, தபாலில் அனுப்பிய இதழ்கள் எத்தனையோ. வேலை செய்ய அனுமதி இல்லாமல், மாவட்ட எல்லை தாண்ட அனுமதி இல்லாமல், சோசல் காசில் தாள் வாங்கி எழுதினவர்கள் இருக்கிறார்கள். பிறகு சங்க மலர்கள், தமிழ்ப் பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல்கள், கல்வெட்டுகள். முயல் சங்கத்தை விட நாங்கள் பத்து மடங்கு அச்சடித்திருப்போம்.

அவை எங்கே? சிலது நூலகம் இணையத்தளத்தில் இருக்கிறது. 2005இல் தொடங்கி அந்தப் பிள்ளைகள் செய்கிற வேலைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மிச்சம்? வீட்டு நிலக்கீழ் அறையில் ஈரம் பிடித்து இருக்கிறது. வீடு மாறும்போது நீலத் தொட்டிக்குள், அதுதான் பழைய காகிதத் தொட்டிக்குள் போகிறது.

சரி, நூலகத்தில் ஒன்றுமில்லை என்று பிள்ளை சோர்ந்து விடக் கூடாது என்று டோட்முண்டுக்குக் கூட்டிக் கொண்டு போனேன். பெரிய ஸ்ரேசனுக்கு முன்னால் கண்ணாடி அரை வட்டமாக ஒரு கட்டடம் நிற்கிறதல்லவா, மாறியோ பொற்றா என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, அதுதான் நகர, மாநில நூலகம். எத்தனை ஆயிரம் தமிழர் அதைக் கடந்து ரயில் எடுத்திருப்போம்! அதற்குள்ளே பத்திரிகை ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1926இல் தொடங்கியது. பழைய பத்திரிகைகள் மைக்ரோபிலிமில் சுருள் சுருளாக இருக்கின்றன. மெசினில் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். கழுத்து நோகும், கண் எரியும். ஆனால் 1985, 1986 ஆண்டுகள் அப்படியே கண் முன்னால் வரும்.

கிழக்கு பேர்லினில் இறங்கி ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்தவர்கள் நாங்கள். 1985இல் அந்தக் கதவைத் தமிழருக்கு மூடுவதற்காக இரண்டு ஜேர்மனிகளும் நடத்திய பேச்சுவார்த்தை அந்தப் பத்திரிகைகளில் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் மீட்கப்பட்டார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், பிறகு ஜேர்மனியிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள் என்று தெரிய வந்தது. கனடாவில் அதை நினைவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் இங்கே எந்த ஊரில், எந்தக் ஹைமில் இருந்தார்கள், ஏன் இந்த நாட்டில் இருக்க முடியாமல் கடலில் இறங்கினார்கள் என்ற பாதிக் கதை ஜேர்மனியின் ஊர்ப் பத்திரிகைகளில்தான் கிடக்கிறது. தமிழில் அதைத் தோண்டி எழுத ஆள் இல்லை. கப்பல் ஏறிய கதை வேண்டும், ஏற வைத்த கதை வேண்டாம் போலும்.

இன்னொன்று. பொதுவாக அரச, நகர நிர்வாகக் கோப்புகள் முடிந்து 30 ஆண்டு கழித்தால் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். தனி ஆட்கள் பற்றிய கோப்புகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு, ஆள் இறந்து 10 ஆண்டு என்ற கணக்கு வரும். ஆனால் ஒரு நகரசபை 1985இல் அகதிகளை எங்கே தங்க வைப்பது என்று கூட்டம் கூடிக் கதைத்த கோப்பு இப்போது திறந்து விட்டது. யார் எதிர்த்தான், யார் ஆதரித்தான், ஏன் காசுக்குப் பதில் சாப்பாட்டுப் பொதி தந்தார்கள், எல்லாம் இருக்கும். போய்க் கேட்டால் தருவார்கள். நாங்கள்தான் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கோப்புகளிலும் நாங்கள் எழுதியது ஒன்றும் இல்லை. எங்களைப் பற்றி எழுதியதுதான் இருக்கிறது.

எங்களைப் பற்றி நல்லவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலைப் பற்றி மார்ட்டின் பவுமான் போன்ற சமய ஆய்வாளர்கள் எழுதியது நல்ல வேலை. 'இரண்டாம் தாயகத்தில் கோயில்களும் தமிழரும்' என்று பொருள்படும் பெயரில் 2003இல் டொச் மொழியில் ஒரு தொகுப்பே வந்தது. 1989இல் ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கி, தேர்த் திருவிழாவுக்குச் சனம் பெருகி, கார் நிறுத்த இடமில்லாமல் அயலவர் முறையிட்டு, தொழிற்பேட்டைப் பக்கம் போய், 2002 யூலையில் கும்பாபிஷேகம் நடந்த கதை டொச் மொழியில் ஒழுங்காக இருக்கிறது. அதே கதையை உள்ளே நின்ற எங்கள் ஆட்களின் வாயால் சொன்ன எழுத்து எவ்வளவு இருக்கிறது? முதல் திருவிழாவுக்கு யார் மரக்கறி வெட்டினார்கள்? தாலிக்கொடியை அடகு வைத்துக் காசு கொடுத்த அக்கா யார்? ஆய்வாளர் கார் நிறுத்துமிடத்தை எண்ணினார், ஏனென்றால் நகரசபைக் கோப்பில் அது இருந்தது. தாலிக்கொடி கோப்பில் இராது.

இது புதிதாக நடக்கிற காரியமும் இல்லை. 300 வருடத்துக்கு முன்னும் இதுதான் நடந்தது. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்குப் போனார். அவரும் கூட்டாளிகளும் தமிழரிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதம் எழுதுவித்தார்கள். உங்கள் சமயம் என்ன, பழக்க வழக்கம் என்ன என்று. தமிழர் எழுதிய அந்தப் பதில்களை டொச் மொழிக்கு மாற்றி ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். 99 கடிதங்கள் அச்சில் வந்தன. இன்றைக்கும் படிக்கலாம். தமிழ் மூலங்கள் இல்லை. எழுதினவர்களில் பெரும்பாலானோரின் பெயரும் இல்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சாதாரணத் தமிழன் தன் ஊரைப் பற்றிச் சொன்னதை இன்று நாங்கள் டொச் மொழியில்தான் வாசிக்க வேண்டும். அதுவும் ஹாலேயில் ஒரு அனாதை இல்லத்துக்காரர்கள் தாள் ஒன்றையும் எறியாமல் வைத்திருந்த படியால்.

அல்லது றூர் பகுதிக்கு நிலக்கரி தோண்ட வந்த போலந்துக்காரரைப் பாருங்கள். எங்களுக்கு 100 வருடத்துக்கு முன் வந்தவர்கள். 1890இல் போஹும் நகரத்தில் சொந்த மொழியில் பத்திரிகை தொடங்கினார்கள், 'வியாருஸ் போல்ஸ்கி' என்று. கோயில், பாட்டுச் சங்கம், ஜிம் சங்கம், எல்லாம் எங்களைப் போலத்தான். பிரஷ்யப் பொலிஸ் அவர்களைக் கண்காணிக்க அதே போஹுமில் 1909இல் தனி அலுவலகமே வைத்தது. இன்று அவர்களின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அந்தப் பொலிஸ் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. உளவாளி எழுதினதை எதிர்த்துப் பேச அவர்களின் சொந்தப் பத்திரிகையாவது இருக்கிறது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இருக்குமோ தெரியாது.

துருக்கிக்காரர் விளங்கிக் கொண்டார்கள். 1990இலேயே எசன் நகரத்தில் சிலர் கூடித் தங்கள் பழைய வேலை ஒப்பந்தம், சூட்கேஸ், கடிதம், படம் எல்லாம் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று கொலோனில் இருக்கிற 'டோமிட்' என்ற குடிபெயர்வு ஆவண மையம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் பொருட்கள் வைத்திருக்கிறார்கள். அது துருக்கியருக்கு மட்டும் உரியதும் இல்லை. எங்கள் சூட்கேசையும் வாங்குவார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இதைக் கேட்டால் சில சங்கத் தலைவர்களுக்கு வியர்க்கும்.

ஜேர்மனியில் ஒரு புத்தகமோ சஞ்சிகையோ வெளியிடுகிற ஆள், அது கொம்பனியாக இருக்கட்டும், சங்கமாக இருக்கட்டும், தனி ஆளாக இருக்கட்டும், இரண்டு பிரதிகளை ஜேர்மன் தேசிய நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்று லைப்சிக்கில் இருக்கும், மற்றது பிராங்பேர்ட்டில் இருக்கும். நோர்ட்றைன் வெஸ்ற்பாலனில் வெளியிட்டால் இரண்டையும் லைப்சிக்குக்கு அனுப்பினால் சரி. அதை விட மாநிலங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. எங்கள் மாநிலத்தில் பொன், டியூசல்டோர்வ், மியூன்ஸ்ரர் பல்கலைக்கழக நூலகங்கள் மூன்றும் ஆளுக்கொரு பிரதேசம் என்று பிரித்துச் சேகரிக்கின்றன. ஹம், டோட்முண்ட், ஹாகன் எல்லாம் மியூன்ஸ்ரருக்குள் வரும். இந்த நூலகங்கள் மாநிலத்தைப் பற்றி வருகிற எழுத்துகளை, தனிக் கட்டுரை வரைக்கும், ஊர் ஊராகப் பிரித்து ஒரு பெரிய நூற்பட்டியலில் ஏற்றுகின்றன. உங்கள் ஊர்ப் பெயரை அடித்தால் பட்டியல் வரும். தேசிய நூலகத்துக்குக் கொடுக்காமல் விட்டால் பத்தாயிரம் யூரோ வரைக்கும் தண்டம் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கோயில் மலருக்காக ஒருவரும் தண்டம் போட வர மாட்டார்கள், பயப்படாதீர்கள். ஆனால் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் அச்சடித்தாலும் அவன் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கி, அட்டை போட்டு, 300 வருடம் வைத்திருப்பான்.

இதைச் சங்கக் கூட்டமொன்றில் சொன்னேன். வந்த பதில்களைக் கேளுங்கள்.

"தம்பி, உதை ஆர் வாசிக்கப் போறான்?" முதல் கேள்வி. அண்ணை, முயல் சங்க மலரை யார் வாசிக்கிறார்கள்? இருபது வருடத்தில் ஒருவர் வாசிப்பார். அந்த ஒருவருக்காகத்தான் அலுமாரி.

"எல்லாம் இப்ப இண்டர்நெற்றில இருக்குத்தானே." இருந்ததே! ஜியோசிற்றீஸ் என்று இலவசமாக இடம் தந்தார்கள், எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அதில் கவிதையும் கட்டுரையும் ஊர்ப் படமும் போட்டோம். 2009இல் இழுத்து மூடினார்கள். பாமினி எழுத்துருவில் எழுதின பக்கங்களைத் திறந்தால் இப்போது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. தேசிய நூலகம் இணைய வெளியீடுகளையும் எடுக்கிறது, 2006 சட்டத்திலேயே அது இருக்கிறது. பீடிஎஃப் இருந்தால் அனுப்பலாம். அதையும் செய்யவில்லை.

மூன்றாவது கேள்வி மெதுவாக, காதுக்குள் வந்தது. "உதுகளைக் குடுத்தால் பிறகு பிரச்சினை வருமோ?" இதை நான் பகிடி பண்ண மாட்டேன். 2006இல் ஐரோப்பியத் தடை வந்த பிறகும், 2009க்குப் பிறகும் பயத்தில் படமும் பத்திரமும் கிழித்து எறிந்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பெட்டியைக் கொடுக்கும்போது நீங்கள் ஒப்பந்தம் எழுதலாம். இத்தனை ஆண்டு திறக்கக் கூடாது, என் அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். சாதாரண நடைமுறைதான். அதோடு, பாடசாலை மலரில் என்ன இரகசியம்? பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு யாருக்கு என்பதா?

நான்காவது ஆள் ஒன்றும் கேட்கவில்லை. "சனம் சோறு தின்ன வழி பாக்குது, இவர் நூலகம் கட்டுறார்" என்று பின்னால் இருந்து சொன்னார். அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. போன வருடம் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடித்தவர் அவர்.

கல்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற சிறு புத்தகம். பிறந்த ஊர், தாய் தகப்பன், படித்த பாடசாலை, செய்த தொழில், கட்டிய இடம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், பிறகு வம்சாவளி மரம். பின்பக்கத்தில் தேவாரம். வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக் காரில் போட்டு விட்டுப் போவோம். அதைவிடச் சிறந்த ஊர் வரலாற்று ஆவணம் எங்களிடம் இல்லை.

ஜேர்மன்காரருக்கும் இது இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை புரட்டஸ்தாந்து ஆட்கள் செத்தால், வசதி உள்ள வீட்டுக்காரர் இரங்கல் பிரசங்கத்தை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குள்ளே செத்தவரின் வாழ்க்கை இருக்கும், என்ன வருத்தத்தில் போனார், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தப்பியது என்பது வரைக்கும். அன்றைக்கு அதுவும் காருக்குள், மன்னிக்கவும், குதிரை வண்டிக்குள் எறிந்த தாள்தான். ஆனால் சிலர் சேர்த்தார்கள். இன்று மார்பூர்க் நகரத்தில் அவற்றை மட்டும் ஆராய ஒரு நிலையமே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கொள்ளை நோய், யுத்தம், பெண்களின் வாழ்க்கை, பிள்ளைப்பேற்றுச் சாவு என்று எத்தனையோ ஆய்வுகளுக்கு அந்தத் தாள்கள்தான் சான்று.

எங்கள் முதல் தலைமுறை இப்போது போய்க் கொண்டிருக்கிறது. மாதம் ஒரு செத்தவீடு. வேலணையில் பிறந்து வூப்பெற்றாலில் எரிந்த ஒரு மனிதரின் வாழ்க்கை முப்பத்திரண்டு பக்கத்தில் அச்சாகிறது. அந்த முப்பத்திரண்டு பக்கம் வூப்பெற்றாலின் வரலாறும்தான். வீட்டு விசேஷங்களுக்கு அடிக்கிற அச்சுகள் தேசிய நூலகச் சட்டத்துக்குள் வராது. அதனால்தான் நகர நூலகத்தின் ஊர் வரலாற்றுப் பகுதி, நகர ஆவணக் காப்பகம் என்று நான் கத்துகிறேன். ஒரு தாளில் டொச் மொழியில் நாலு வரி எழுதி உள்ளே வையுங்கள், இவர் யார், இந்த ஊரில் எந்த ஆண்டு வந்தார், எங்கே வேலை செய்தார் என்று. அந்த நாலு வரி இல்லாவிட்டால் நூலகப் பெண்மணிக்கு அது பிள்ளையார் படம் போட்ட ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

2009 மார்ச் 3ஆம் திகதி கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. நிலக்கீழ் ரயில் பாதைக்குத் தோண்டியதில் கட்டடமே குழிக்குள் போனது. பக்கத்து வீட்டில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். ஆயிரம் வருடத்து ஆவணங்கள், கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் நீளம் அடுக்கினவை, பெரும் பகுதி மண்ணுக்கும் நிலக்கீழ் நீருக்கும் அடியில். அந்த நகரத்துச் சனம் என்ன செய்தது? மாதக் கணக்காக, வருடக் கணக்காகத் தோண்டினார்கள். வெளியூர்களிலிருந்து தொண்டர்கள் வந்து சேறு துடைத்தார்கள். நனைந்த தாள்களை உறைய வைத்துக் காய வைத்தார்கள். பெரும் பகுதியை மீட்டும் விட்டார்கள். திருத்துகிற வேலை இன்னும் முடியவில்லை.

அதே மார்ச் மாதம் நாங்கள் எங்கே நின்றோம்? டியூசல்டோர்விலும் பேர்லினிலும் வீதியில் நின்றோம். வன்னியில் சனம் செத்துக் கொண்டிருந்தது. போகிற வருகிற ஜேர்மன்காரருக்குக் கொடுக்க டொச் மொழியில் துண்டுப்பிரசுரம் அடித்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வசனங்கள். பிழையும் சரியுமாக, அழுகையோடு எழுதின வசனங்கள். ஒவ்வொரு நகரத்திலும் வேறு வேறு. அந்தத் துண்டுப்பிரசுரம் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? நான் கேட்டுப் பார்த்தேன். பதினொரு வீட்டில் கேட்டேன். இரண்டு வீட்டில் இருந்தது.

எங்களுக்கு எரிந்த நூலகத்துக்காக அழத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை, 97,000 நூல்கள் சாம்பலானதை, அந்த நெருப்பைப் பார்த்துத் தாவீது அடிகள் உயிர் விட்டதை ஒவ்வொரு யூன் முதலாம் திகதியும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்று யாராவது எழுதுகிறோமா? 1933இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டில் கொஞ்சப் புத்தகங்களை வைத்துத் தொடங்கினார். கட்டடம் பிறகு வந்தது. எரித்தவனைத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறோம். செல்லப்பா மாதிரி ஒரு பெட்டியைத் தூக்க ஆளில்லை. அவர்கள் எரித்தது குற்றம். நாங்களே கட்டி, நாங்களே நீலத் தொட்டியில் போடுவதற்கு என்ன பெயர்?

தங்கையின் மகள் கட்டுரையை எழுதி முடித்து விட்டாள். அம்மம்மாவின் பழைய டுல்டுங் தாள், மாமி வைத்திருந்த ஹைம் சாப்பாட்டுப் பட்டியல், செத்துப் போன அந்த மனிதரின் கல்வெட்டு, இவற்றை வைத்து எழுதினாள். ஆசிரியரிடம் கேட்டு ஒரு பிரதியை நகர நூலகத்திலும் கொடுத்தாள். ஜேர்மனியில் 1973இலிருந்து ஜனாதிபதியின் பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் போட்டி ஒன்று நடக்கிறது, ஊர் ஆவணங்களைத் தோண்டி எழுதுகிற போட்டி. தமிழ்ப் பாடசாலைகள் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பாடமாக்க வைக்கிற நேரத்தில் பாதியை இதற்கும் கொடுக்கலாம்.

வருகிற சனிக்கிழமை எங்கள் நகரத்துச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். 1991இலிருந்து வந்த மலர்கள் எல்லாம் ஒரு நிலக்கீழ் அறையில் மூன்று வாழைப்பழப் பெட்டிகளில் இருக்கிறதாம். அறைச் சாவி பழைய பொருளாளரிடம். பழைய பொருளாளரும் புதிய தலைவரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. நான் கூட்டத்துக்குப் போகிறேன். கார் வெறுமையாக இருக்கும், பின் சீற்றையும் மடித்து வைத்திருக்கிறேன்.